குதிரை ட்ரெய்லருக்கு எந்த மெத்தை?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் டெக்சஸில், ஆஸ்டினிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறோம். மகள் பேரல் ரேஸிங், அதாவது பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டும் பந்தயம், பழகுகிறாள். போட்டிகளுக்குப் போய்வர, மூன்று குதிரை ஏற்றும், முன்பக்கம் தங்கும் அறை உள்ள பழைய கூஸ்நெக் ட்ரெய்லர் ஒன்றை வாங்கினோம். உள்ளே இருந்த மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியெல்லாம் கறுப்புப் புள்ளி, தாங்க முடியாத நாற்றம். வீட்டில் சும்மா கிடக்கும் 12 அங்குல மெமரி ஃபோம் க்வீன் மெத்தையை வெட்டிப் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். அவர் உயரம் ஆறடி ஒரு அங்குலம். வெட்டலாமா? புதிதாக வாங்கினால் எதை வாங்குவது?

பதில்: வெட்ட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வார இறுதி வருவதற்குள் உங்கள் கணவர் கத்தியை எடுத்துவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்காவில் விற்கும் மெத்தைகள் நேரடித் தீயைக் குறிப்பிட்ட நேரம் தாங்க வேண்டும் என்ற விதி 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக் குறைந்த செலவில் நிறைவேற்ற, விலை மலிவான பல மெமரி ஃபோம் மெத்தைகளில் மேலுறைக்குக் கீழே கண்ணாடி இழையால் ஆன உள்ளுறை ஒன்றைப் போட்டிருப்பார்கள். மூடியிருக்கும்வரை பிரச்சினை இல்லை. கத்தி பட்டால் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக அது பறக்கும். தோல் அரிக்கும், துணியில் ஏறும், ஏசி அதை அறை முழுக்கச் சுற்றவிடும். ட்ரெய்லர் அறை போன்ற சின்ன இடத்தில் அதை முழுதாகச் சுத்தம் செய்ய வழியே இல்லை. மெத்தை ஓரத்தில் தைத்திருக்கும் வெள்ளைத் துணிச்சீட்டைப் படித்துப் பாருங்கள். எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். கிளாஸ் ஃபைபர் அல்லது ஃபைபர் கிளாஸ் என்று கண்ணில் பட்டால் உறையின் ஜிப்பைக்கூடத் திறக்காதீர்கள். சீட்டில் இல்லை என்றாலும் தயாரித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெட்டினாலும் அது அங்கே பொருந்தாது. கூஸ்நெக்கில் படுக்கை இருப்பது பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப் பகுதியில். ஏறிப் படுக்கும் பரண் மாதிரி. பலகைக்கும் கூரைக்கும் நடுவே 38 அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 அங்குல மெத்தை போட்டால் மிச்சம் 26. உங்கள் கணவர் புரண்டு படுத்தாலே தோள் கூரையில் உரசும். 6 அங்குல மெத்தை போட்டால் 32 கிடைக்கும். அப்போதும் நிமிர்ந்து உட்கார முடியாது, ஆனால் முழங்கை ஊன்றிச் சாய்ந்து எழுந்து இறங்கிவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் குதிரை காலால் உதைக்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓட வேண்டியிருக்கும்போது இந்த ஆறு அங்குலத்தின் அருமை தெரியும்.

நீளத்தையும் பாருங்கள். வீட்டு க்வீன் 60க்கு 80 அங்குலம். ட்ரெய்லர்களுக்கும், ஆர்வி எனப்படும் தங்கும் வசதியுள்ள வண்டிகளுக்கும் விற்கும் ஷார்ட் க்வீன் 60க்கு 75, சில இடங்களில் 74. உங்கள் கணவருக்கு 73 அங்குல உயரம், தலையணை வேறு. கால் வெளியே தொங்கும். அகலமான ட்ரெய்லர் என்றால் குறுக்கே படுப்பது நல்லது, கூடுதல் நீளம் கிடைக்கும். ஆனால் மூக்குப்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் வெறும் பலகையில் போர்வை விரித்து இருவரும் இரண்டு விதமாகவும் படுத்துப் பாருங்கள்.

நான் இதைச் செய்யவில்லை. ட்ரெய்லரை விற்றவர் தந்த தாளில் எழுதியிருந்த அளவை அப்படியே சொல்லி மெத்தை ஆர்டர் செய்தேன். வந்தது நேர்ச்சதுர மூலைகளோடு. எங்கள் ட்ரெய்லரின் முன்மூலைகளோ வளைந்தவை. அழுத்தித் திணித்ததில் இரண்டு மூலையும் மேலே மடங்கி, நடுமெத்தை மேடாக எழும்பி நின்றது. மூன்று ராத்திரி அந்த மேட்டிலிருந்து சரிந்துகொண்டே தூங்கினோம். தனி அளவில் செய்தது என்று கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அதனால் சொல்கிறேன், டேப்பை மட்டும் நம்பாதீர்கள். பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, பலகையின் மேல் பரப்பி, மூலை வளைவோடு வெட்டி எடுங்கள். அந்த அட்டையைத்தான் ஃபோம் வெட்டித் தருபவரிடம் கொடுக்க வேண்டும்.

வாங்க வேண்டியது என்று கேட்டால், என் தேர்வு 6 அல்லது 7 அங்குல இரண்டடுக்கு ஃபோம். கீழே நாலைந்து அங்குலம் எச்ஆர் ஃபோம் (அழுத்தினால் சட்டென்று பழைய நிலைக்கு மீளும் வகை), மேலே இரண்டு அங்குலம் லேடெக்ஸ். கடையில் கேட்க வேண்டிய கேள்வி "டென்சிட்டி என்ன?" என்பது. "நல்லா ஹார்டா இருக்கும்" என்பது அதற்குப் பதில் ஆகாது. கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு. ஒரு கன அடி ஃபோம் எத்தனை பவுண்டு எடை என்பதுதான் டென்சிட்டி. எச்ஆர் என்றால் இரண்டரைக்குக் குறையக் கூடாது. ஒன்றரைக்குக் கீழே உள்ள சாதாரண ஃபோம் சீக்கிரமே குழி விழுந்துவிடும். மெமரி ஃபோம் ட்ரெய்லருக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. டெக்சஸ் வெயிலில் நின்ற ட்ரெய்லரில் அது கொழகொழவென்று உள்வாங்கும், ஜனவரிக் குளிரில் பலகை மாதிரி இறுகும். ஸ்பிரிங் மெத்தையை வளைத்து அந்தக் குறுகிய கதவு வழியே ஏற்றுவது பெரும்பாடு. மூலையையும் வெட்ட முடியாது, ஈரத்தில் துருவும் பிடிக்கும்.

சரி, அந்தக் கறுப்புப் புள்ளி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல மெத்தை போட்டாலும் மறுபடி அதே கதைதான்.

அது பூஞ்சை. இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சிலும் வியர்வையிலும் நிறைய ஈரம் இருக்கிறது. சூடான அந்த ஈரக்காற்று மெத்தைக்குள் இறங்கி, அடியில் சில்லிட்டுக் கிடக்கும் பலகையையும் அலுமினியத்தையும் தொட்டதும் நீராகிவிடும். காற்றுப் போக வழியில்லாமல் அந்த நீர் அங்கேயே தங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று குதிரைகளின் மூச்சும் மூத்திரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பழைய மெத்தையைத் தூக்கி எறியுங்கள், துவைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். பலகையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று உள்ளே போனால் ப்ளைவுட் உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும். அப்புறம் ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியே மூக்கின் மேல் ஹோஸால் தண்ணீர் விடுங்கள். முன்நெற்றி விளக்குகளின் திருகுத் துளை, ஜன்னல் ரப்பர், தகடுகள் சேரும் இடம், இவற்றில்தான் பெரும்பாலும் ஒழுகும். ஒழுகல் இல்லை என்று தெரிந்த பிறகு மரச்சட்டங்களையோ காற்றோட்ட வலை விரிப்பையோ போட்டு, அதன் மேல் மெத்தையை வையுங்கள். சுவரிலிருந்து ஒரு விரல்கடை இடைவெளி விடுங்கள். அடியில் பிளாஸ்டிக் ஷீட் மட்டும் வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பூட்டிவைத்துவிடும். குளிர்காலத்திலும் கூரைத் துவாரம் கொஞ்சம் திறந்திருக்கட்டும். கேஸ் ஹீட்டர் ஓடும் அறை அது, கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்பக்கம் உள்ள காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். காலையில் எழுந்ததும் மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில் குதிரைத் தீவன வாளி ஒன்றைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறோம்.

கேள்வி: அதே வாசகிதான். அடுத்த மாதம் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். இலவம்பஞ்சில் மெத்தை தைத்துக் கொண்டுவரட்டுமா என்கிறார். ட்ரெய்லருக்கு ஆகுமா?

பதில்: அவர் அன்பாகக் கேட்கிறார், மறுக்க மனசு வராதுதான். ஆனால் ட்ரெய்லருக்கு வேண்டாம். இலவம்பஞ்சு தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, எடையும் குறைவு. ஆனால் சீக்கிரம் அமுங்கிக் கட்டிதட்டும். அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்டினால்தான் மெத்தை மெத்தையாக இருக்கும், பரணிலிருந்து வாரம் ஒருமுறை இறக்கி ஏற்ற யாரால் முடியும்? அதைவிட முக்கியமாக, இலவம்பஞ்சு சட்டென்று தீப்பற்றும். கைநீட்டினால் கேஸ் அடுப்பு இருக்கும் அறையில் அதை வைத்தால் எனக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும். வீட்டில் அவர் படுக்கும் அறைக்குத் தைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 60க்கு 75 என்று போட்டிருந்த ஷார்ட் க்வீன் வாங்கினேன். பிரித்து அளந்தால் நீளம் 72தான். "விரியும், பொறுங்கள்" என்கிறது கடை. எத்தனை நாள் பொறுப்பது? (ஒக்லஹோமா வாசகர்)

பதில்: சுருட்டி அழுத்தி அனுப்பும் ஃபோம் முழுதாக விரிய இரண்டு மூன்று நாள் எடுக்கும், குளிரில் இன்னும் மெதுவாக விரியும். அதனால் ட்ரெய்லரில் வைத்துப் பிரிக்காமல் வீட்டுக்குள் கதகதப்பான அறையில் போடுங்கள். இன்று ஒரு படம், மூன்றாம் நாள் ஒரு படம், டேப்பின் எண் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். ஒரு அங்குலம் முன்பின் இருக்கலாம் என்று பல தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள், மூன்று அங்குலம் அந்தக் கணக்கில் வராது. விளம்பரப் பக்கத்தை இப்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் பேசாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் எழுத்துப்பூர்வ ஆட்சேபம் கார்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். "பொறுங்கள், பொறுங்கள்" என்று கடை சொல்லும் ஒவ்வொரு வாரமும் அந்த 60 நாளில் கழிகிறது. நான்காம் நாளும் 72 அங்குலமாகவே இருந்தால் அன்றே எழுதிவிடுங்கள்.