கூரெத்தே மொழியைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

தெற்கு எத்தியோப்பியாவின் அர்பா மிஞ்ச் நகரில் ஆசிரியப் பணியேற்கவிருக்கும் வாசகர் ஒருவர், கூரே மக்களின் மொழியான கூரெத்தேயைக் கற்க விரும்புவதாகவும், அதற்கு எத்தியோப்பியாவில் பரவலாகப் பேசப்படும் அம்ஹாரிக் மட்டும் தெரிந்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்றாடத் தேவைக்கு அம்ஹாரிக் போதும். கூரெத்தே கற்க அது போதாது. அம்ஹாரிக் ஆப்பிரிக்க-ஆசிய மொழிக் குடும்பத்தின் செமித்தியக் கிளையைச் சேர்ந்தது. கூரெத்தேயோ ஒமோத்தியக் கிளையில், ஒமெத்தோ குழுவின் கிழக்குப் பிரிவைச் சேர்ந்தது. அர்பா மிஞ்ச் தெருக்களில் நீங்கள் அதிகம் கேட்கப்போவது கமோ மொழி. அதுவும் ஒமெத்தோ குழுவினதே என்றாலும் வேறு மொழி. கூரே மக்களின் தாயகம் அபயா, சாமோ ஏரிகளுக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் அமாரோ மலைகள். என்செத் எனும் வாழையினப் பயிரையும் காப்பியையும் பயிரிடும் உழவர்கள் அவர்கள். கெலே அவர்களின் நிர்வாக நகரம். நூலகப் பட்டியல்களில் இம்மொழியைக் கொய்ரா, அமாரோ என்ற பெயர்களிலும் தேடுங்கள். மாலி நாட்டின் கொய்ரா மொழிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை ஒலிகளுக்கும் வினைச்சொல்லுக்கும் ஒதுக்குமாறு வற்புறுத்துவேன். குரல்வளையை மூடி, வாய்க்குள் அடைபட்ட காற்றை வெடிப்பாக வெளியேற்றும் மெய்கள் இம்மொழியில் உண்டு. அவற்றைச் சாதாரண மெய்களாக ஒலித்தால் சொல்லே மாறிவிடலாம். அம்ஹாரிக்கிலும் இத்தகைய மெய்கள் இருப்பதால், அதற்காகச் செய்யும் செவிப்பயிற்சி இங்கும் கைகொடுக்கும். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவது தமிழருக்கு இயல்பாகவே அமையும். ஆனால் காலம், எதிர்மறை, வினா ஆகியவற்றை வினை எவ்வாறு தன்னுள் ஏற்கிறது என்பதைத் தனியே பயில வேண்டும்; இதற்குப் பின்யாம் சிசாய் மெண்டிசு ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் கூரெத்தே வினை உருபனியல் (வினைச்சொற்களின் உள்ளமைப்பு) குறித்து அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைவிடச் சிறந்த தொடக்கத்தை நான் அறியேன்.

இலக்கண நூலை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கற்க முடியாது. அமாரோவிலிருந்து வந்து படிக்கும் மாணவர் எவரையேனும் உரிய ஊதியத்துடன் பயிற்றுநராக அமர்த்திக்கொள்ளுங்கள். மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் என்ற அதிகாரம் இடையே நுழையாதிருக்க, அவர் உங்கள் வகுப்பு மாணவராக இல்லாதிருப்பது நல்லது. முதலில் உறவுமுறை, பயிர், சந்தை ஆகியவற்றைக் குறித்துப் பேசுங்கள். நெச்சார் தேசியப் பூங்காவிலிருந்து 2004இல் கூரே குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டதையும், அண்டையிலுள்ள குஜி ஒரோமோ மக்களுடன் நேர்ந்த மோதல்களையும் நீங்களாகக் கிளறாதீர்கள். அவை உயிரிழப்பும் இழந்த நிலமும் சார்ந்த துயரங்கள். அமாரோவுக்கே செல்ல எண்ணினால், பாதை பாதுகாப்பாக உள்ளதா என்று கெலே நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டறிந்து, நீங்கள் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதத்துடன் புறப்படுங்கள்.