ஊறல் தண்ணீர், ஊரணிப் பாசி, சிறுநீர் உப்பு: இந்த மாத வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாசி டீசலைப் பற்றியவை. பலர் பச்சைத் தண்ணீரை போட்டோ எடுத்து அனுப்பி, "இதில் எவ்வளவு சத்து இருக்கும்?" என்று கேட்கிறார்கள். நிறத்தைப் பார்த்து நைட்ரஜன் அளவு சொல்ல யாராலும் முடியாது. சிஓடி (தண்ணீரில் உள்ள கரிமக் கழிவை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), மொத்த நைட்ரஜன், பாஸ்பரஸ், பி.எச். ஆகிய நான்கு எண்களும் இருந்தால்தான் அடுத்த மாதத்திலிருந்து பதில் எழுதுவேன்.

புதுவயல், அரிசி ஆலைக்காரர்: புழுங்கலுக்கு நெல் ஊறப்போட்ட தண்ணீர் தினமும் வீணாகிறது. அதில் பாசி வளர்த்தால் லாரிக்கு டீசல் கிடைக்கும் என்கிறார்கள். எவ்வளவு கிடைக்கும்?

ஆலைக்கு நாளொன்றுக்கு எத்தனை டன் ஓடுகிறது என்றுகூட எழுதவில்லை. 20 டன் என்று நானே வைத்துக்கொள்கிறேன். டன்னுக்கு 1,200 லிட்டர் வீதம் சுமார் 25,000 லிட்டர் ஊறல் தண்ணீர். லிட்டருக்கு 80 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால் நாளுக்கு 2 கிலோ. பாசியின் காய்ந்த எடையில் 8 சதவீதம் நைட்ரஜன். ஆக 25 கிலோ பாசி. அதற்கு ஒரு அடி ஆழத்தில் 40 சென்ட் குட்டை வெட்டி, துடுப்புச் சக்கரத்தைச் சுற்றவிட வேண்டும். பாசியில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். அதாவது 5 கிலோ.

இனிமேல்தான் செலவு. வடித்துப் பிழிந்த பாசி விழுதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 25 கிலோ பாசியைக் காய வைத்து எடுக்க 100 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அந்தச் சூட்டுக்குக் குறைந்தது 6 லிட்டர் டீசல் எரிய வேண்டும். நம் ஊர் வெயிலில் காய வைக்கலாம், அது சரி. ஆனால் எண்ணெயைப் பிரிக்கும் கரைப்பானுக்கும், சக்கரம் சுற்றும் கரண்டுக்கும் வெயில் உதவாது. நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட்டால் எண்ணெய் கூடும் என்று யாராவது சொல்வார்கள். கூடும், பாசி வளர்வதும் நின்றுபோகும். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்கென்றே ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடத்தியது. அன்றைய டீசல் விலைக்கு இது கட்டாது என்றுதான் அதன் முடிவறிக்கையும் சொன்னது.

உங்கள் தண்ணீரில் இருப்பது முக்கியமாக மாவும் சர்க்கரையும். அதை முதலில் காற்றில்லாத கலனுக்குள் விடுங்கள். சிஓடி லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் இருந்தால் நாளுக்கு 25 கன மீட்டர் எரிவாயு வரும். அது 11 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். கலனிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படியே இருக்கும். அதை நேப்பியர் புல்லுக்குப் பாய்ச்சுங்கள். கழிப்பறைத் தண்ணீரை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். கலந்துவிட்டால் பிறகு எதையும் பிரித்து எடுக்க முடியாது.

கானாடுகாத்தான், ஒரு ஆச்சி: பாத்திரம் கழுவும் தண்ணீரில் அசோலா வளர்த்து மாட்டுக்குப் போடலாமா?

வேண்டாம் ஆச்சி. அதில் எண்ணெயும் உப்பும் சோப்பும் இருக்கும். அசோலா மிதக்கும் பெரணிச் செடி, அதில் கருத்துச் செத்துவிடும். அந்தத் தண்ணீரை வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பிவிடுங்கள். அசோலாவுக்குச் சாணக் கரைசலும் பாதி நிழலும் போதும்.

கல்லல், பால் பண்ணை வைத்திருப்பவர்: தொழுவத்துக் கழிவு நீரிலிருந்து நைட்ரஜனை எடுக்க அசோலா நல்லதா, லெம்னா நல்லதா?

லெம்னா, தண்ணீர் மேல் மிதக்கும் அந்தக் குட்டி இலைச் செடிதான். அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. தண்ணீரில் இருப்பதை அது ஏன் தேடப்போகிறது? லெம்னாவை இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசி அள்ள வேண்டும். அள்ளினால்தான் எடுத்த கணக்கு.

ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டவர்: தெருச் சாக்கடையை ஊரணிக்குத் திருப்பினால் பாசி வளரும், அதுவே தண்ணீரைச் சுத்தம் செய்யும், பாசியை விற்றுக் கோயில் திருப்பணிக்குச் சேர்க்கலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு. உங்கள் ஆதரவுக் கடிதம் வேண்டும்.

தர மாட்டேன். எதிர்த்து வேண்டுமானால் எழுதித் தருகிறேன், கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.

நூறு வீடு, ஐந்நூறு பேர் என்று வையுங்கள். அவர்கள் கழிவில் நாளுக்கு ஏறத்தாழ 5 கிலோ நைட்ரஜனும் முக்கால் கிலோ பாஸ்பரஸும் வரும். அதை ஊரணியில் விட்டால் பாசி வளரும், உண்மைதான். வளர்ந்த பாசி இரண்டு வாரத்தில் செத்து அடியில் படியும். படிந்தது அழுகும்போது உண்ட சத்தெல்லாம் மறுபடி தண்ணீருக்கே வந்துவிடும். வண்டலில் தங்கும் பாஸ்பரஸும், கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாமல் போகும்போது கரைந்து மேலே வரும். பாசியை அள்ளிக் கரையேற்றாதவரை ஒரு கிராம் பாஸ்பரஸ்கூட ஊரணியை விட்டுப் போகாது. அள்ளுவதும் லேசான வேலையில்லை. நன்றாக வளர்ந்த குட்டையிலேயே ஒரு கிலோ பாசிக்கு 2,000 லிட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். ஊரணி ஆழத்தில் இன்னும் அதிகம்.

இதே பேச்சை நான் வேறொரு ஊரில் கேட்டிருக்கிறேன். பாசி டீசல் என்று படம் போட்டுக் காட்டியவர் வடிக்கும் இயந்திரம் பின்னால் வரும் என்றார். சாக்கடையைத் திருப்பினார்கள், இயந்திரம் வரவேயில்லை. அடுத்த சித்திரையில் ஒருநாள் விடிவதற்குள் கூப்பிட்டார்கள், போனேன். செம்புறாங்கல் படித்துறையின் கடைசிப் படியில் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் ஆடை. கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பாதி ஏற்கெனவே வெள்ளை வயிறாக மிதந்தன. பகலில் ஆக்சிஜன் கொடுத்த பாசிதான் இரவில் அதை உறிஞ்சிவிடுகிறது. படியில் ஒருவர் மாட்டை இறக்கப்போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த ஆடையில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி இருந்தால் அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது.

நம் பக்கத்தில் குடிக்க ஒரு ஊரணி, குளிக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். குடிதண்ணீர் ஊரணியில் கால் வைத்தால் பெரியவர்கள் விரட்டுவார்கள். வரத்துக்காலில் செத்தை விழுந்தாலும் கேட்க ஆள் இருந்தது. கோடையில் வற்றிய கண்மாயின் வண்டலை வண்டி கட்டி வயலுக்கு அடித்தார்கள். இன்று சத்து மீட்பு என்று நாம் எழுதுவதைத்தான் அவர்கள் செய்தார்கள். அந்த வண்டலில் மலக்கழிவு கலக்கவில்லை, அதனால் கையால் அள்ள முடிந்தது. சாக்கடையை விட்ட ஊரணி வண்டலில் குடற்புழு முட்டை இருக்கும். அதை வயலுக்குக் கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன்.

சாக்கடைக்குத் தனிக் குட்டை வெட்டுங்கள், ஊரணிக்கு வெகு தூரத்தில். அதில் லெம்னா விட்டு அள்ளுங்கள். திருப்பணிக்கு வேறு வழியில் நன்கொடை சேருங்கள்.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை: சிறுநீரிலிருந்து உரப் படிகம் எடுக்கலாம் என்று படித்தேன். பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா?

முடியும். இந்த மாதம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். தண்ணீர் கலக்காமல் பிடித்த சிறுநீர் 10 லிட்டரை மூடிய கேனில் சில வாரம் வையுங்கள். யூரியா உடைந்து அம்மோனியாவாகி பி.எச். 9 ஆகும். அதில் உரக்கடையில் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட் 50 கிராமைப் போட்டுப் பத்து நிமிடம் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்த தண்ணீர் பால்போல் கலங்கும். ஒரு மணி நேரம் விட்டால் அடியில் மணல்போல் இறங்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி நிழலில் உலர்த்துங்கள். 30, 40 கிராம் வெள்ளைத் தூள் கிடைக்கும். அதுதான் ஸ்ட்ருவைட், மெக்னீசியமும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. எடையில் எட்டில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அடுப்பில் காய வைக்காதீர்கள். 55 டிகிரிக்கு மேல் போனால் அம்மோனியா ஓடிவிடும்.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நைட்ரஜனில் பெரும்பகுதி அதில்தான் நிற்கிறது. பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து மரங்களின் வேருக்கு ஊற்றுங்கள். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் கட்டாயம். பாஸ்பரஸை 1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் முதலில் எடுத்ததே சிறுநீரைக் காய்ச்சித்தான். இன்று நாம் பாறை பாஸ்பேட்டை மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் கப்பலில் வரவழைக்கிறோம். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: கழிவு நீரில் உள்ள நைட்ரஜன், பாஸ்பரஸை பயோபிளாஸ்டிக்காக மாற்றும் பிராஜக்ட் செய்கிறேன். எந்த பாக்டீரியா நல்லது?

தம்பி, தலைப்பே தவறு. பாக்டீரியா செய்யும் பயோபிளாஸ்டிக்கான பிஹெச்பியில் நைட்ரஜனும் இல்லை, பாஸ்பரஸும் இல்லை. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். கார்பன் மிஞ்சி, நைட்ரஜனோ பாஸ்பரஸோ பற்றாமல் போகும்போதுதான் பாக்டீரியா அதைக் கொழுப்புபோல் உடலில் சேர்த்து வைக்கிறது. பிஹெச்பியை பாக்டீரியாவுக்குள் 1926-இல் முதலில் கண்டவர் மொரீஸ் லெமுவான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. முதலில் சத்தை ஸ்ட்ருவைட்டாக எடுத்துவிட்டு, மிஞ்சும் கார்பனைப் புளிக்க வைத்து பாக்டீரியாவுக்குக் கொடுத்துப் பாருங்கள். வழிகாட்டி கையெழுத்துப் போடுமுன் தலைப்பை மாற்றுங்கள்.

ஒரு கண்டாங்கிச் சேலை நெசவாளர்: சாயத் தண்ணீரில் பாசி?

வளராது. சாயம் வெளிச்சத்தை மறைக்கும், சத்தும் இல்லை. அதைத் தனியாக வையுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: செப்டிக் டேங்க் கசடைத் தென்னைக்கு நேராகப் போடலாமா? ஆள் வைத்து அள்ளத் தயாராக இருக்கிறேன்.

போடக் கூடாது. புழு முட்டை மண்ணில் ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், உள்ளே நிற்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் திரும்புவதில்லை. நகராட்சி லாரியைக் கூப்பிட்டு, கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஒருவரையும் இறக்காதீர்கள். மூடியைத் திறந்து எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

திருப்பத்தூர் வாசகர்: சோதனைக்கு மாதிரித் தண்ணீரை எதில் பிடிப்பது?

புதிய பிளாஸ்டிக் பாட்டிலில், அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் கொடுங்கள். ஊறுகாய் பாட்டில் வேண்டாம். சோப்புத் தூளில் கழுவியதும் வேண்டாம். சில தூள்களில் பாஸ்பேட் உண்டு, அது உங்கள் கணக்கில் ஏறிவிடும்.