கஷ்டத்தில் இருக்கும் சிநேகிதிக்குச் சமைத்து உறைய வைத்துக் கொடுக்க: கேள்வி பதில்

ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், வீட்டில் ஒரு சாவைக் கண்டவர்கள், இவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் ஊர்களில் பழைய வழக்கம். இப்போது நாமும் வேலைக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை சமைத்து உறைய வைத்துக் கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். மட்டக்களப்பு கல்லடியில் மனையியல் படிப்பித்தவள் என்ற முறையிலும், பல வீடுகளுக்கு இப்படிச் சமைத்துக் கொடுத்தவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்கலடி: டீச்சர், என்ட கூட்டாளிக்கு அடுத்த மாசம் பிள்ளை கிடைக்கப் போகுது. சீசர் எண்டு சொல்லிட்டாங்க. அவட அம்மா வெளிநாட்டில. நான் என்னத்தச் சமைச்சு வைக்கலாம்?

மகள், முதலில் அவளிடமோ மாமியாரிடமோ என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள். பத்தியம் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் விரும்பிக் கொடுக்கும் மீனை அடுத்த வீட்டில் தொடவிட மாட்டார்கள். கேட்காமல் பத்துப் பெட்டி கொண்டுபோய் இறக்கினால், அதை என்ன செய்வதென்று அவள்தான் யோசிக்க வேண்டிவரும். பச்சை உடம்புக்காரிக்கு அந்த யோசனை கூட வேண்டாம்.

சரக்குக்கறிதான் என் முதல் தெரிவு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைத்துக் கரைத்துக் கொதிக்க வைத்த குழம்பு அது. தேங்காய்ப்பாலும் இல்லை, கிழங்கும் இல்லை, உறைந்து இளகும்போது கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. கோழி என்றால் இறைச்சியோடு சேர்த்தே உறைய வையுங்கள். மீன் என்றால் குழம்பை மட்டும் உறைய வையுங்கள். தேவையான அன்று யாராவது இரண்டு துண்டு புது மீன் வாங்கிவந்து கொதிக்கிற குழம்பில் போட்டால் பத்து நிமிடத்தில் கறி தயார்.

கட்டுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கறி இறக்கியதும் அகலமான தட்டில் ஊற்றி, ஐஸ் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் அந்தத் தட்டை வைத்து ஆற விடுங்கள். சமைத்த சாப்பாடு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 பாகையைத் தாண்டும் நாளில் ஒரு மணித்தியாலம்தான் கணக்கு, சித்திரை வைகாசியில் நமக்கு அதுதான் பொருந்தும். ஆறியதும் சிப் போட்ட தடித்த பையின் வாயை வெளிப்பக்கம் மடித்து, ஒரு சுண்டுக்குள் நிறுத்தி, ஒரு ஆள் ஒரு நேரம் சாப்பிடும் அளவை அகப்பையால் ஊற்றுங்கள். காற்றை அமத்தி வெளியேற்றி மூடி, தட்டில் படுக்கப் போட்டு உறைய வையுங்கள். விரல் மொத்தத்தில் சிலேட்டுப் போல உறைந்து வரும். மறுகா புத்தகம் அடுக்குவதுபோல நிமிர்த்தி அடுக்கலாம். பானையாக உறைந்த கறி நடுவில் இளக மணிக்கணக்காகும், தட்டையாக உறைந்தது கொஞ்ச நேரத்தில் இளகிவிடும்.

கூடவே பிட்டும் இடியப்பமும் வையுங்கள். இரண்டும் ஃபிரீசருக்கென்றே பிறந்த சாப்பாடு. இளக வைக்கவே தேவையில்லை, அப்படியே ஆவியில் வைத்தால் அன்று அவித்ததுபோல வரும்.

காரைதீவு: பால்கறி உறைய வைத்தால் இளகும்போது தண்ணீர் வேறு, திப்பி வேறாகப் பிரிகிறது. என்ன செய்ய?

முதற்பாலை விடாமல் இறக்கிவிடுங்கள். இரண்டாம் பாலில் காய் வேகட்டும், அந்த நிலையில் உறைய வையுங்கள். சூடாக்கும்போது முதற்பாலோ, அவர்களுக்கு அது சிரமமென்றால் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் மாவோ கரைத்து விட்டால் போதும். அந்தத் தேங்காய்ப்பால் மாவை அளந்து ஒரு சிறிய பையில் போட்டு கறிப்பையோடு சேர்த்து ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். தேடி எடுக்கிற வேலை அவர்களுக்கு மிச்சம். சொதியை உறைய வைக்க வேண்டாம்.

வாழைச்சேனை: இங்க சூரை மலிவு. புளியாணம் வச்சு உறைய வச்சுக் குடுக்கலாமா டீச்சர்?

கொடுக்கலாம், புளிக்கறி உறைதலை நன்றாகத் தாங்கும். ஆனால் மீன் எப்போது பிடித்தது, எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்று தெரியாவிட்டால் சூரையை வாங்காதீர்கள். சூரை, கீரி போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் உடம்பில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், உடம்பு தடித்துக் கடிக்கும், தலையிடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, உறைய வைத்தாலும் போகாது. பலருக்கு இந்த இடம் விளங்குவதில்லை, நன்றாகக் கொதித்ததுதானே என்று நினைக்கிறார்கள். துறையில் இறக்கியதும் வாங்கி, அப்போதே வெட்டிக் கழுவி, அன்றைக்கே சமைத்து உறைய வையுங்கள். கொழுப்பு மீன் ஃபிரீசரிலும் மெல்ல மெல்லக் காறும், ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டு முடிக்கச் சொல்லுங்கள்.

ஆரையம்பதி: சிநேகிதியின் வீட்டில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான். மேலே சின்ன ஐஸ் பெட்டி.

அது ஐஸ் கட்டுவதற்கான இடம். சமைத்த சாப்பாட்டை மாதக்கணக்கில் வைக்க மறை 18 பாகை (-18°C) குளிர் வேண்டும், அந்தச் சின்னப் பெட்டி அந்தளவுக்குப் போகாது. உறைந்தவற்றை உங்கள் வீட்டிலேயே வைத்திருந்து கிழமைக்கு இரண்டு தரம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மூன்று நாளுக்குள் சாப்பிடும் அளவு மட்டும் கொடுங்கள். உள்ளதைச் சொன்னால், இந்த முறைதான் எனக்கு இன்னும் பிடித்தது. போகிற சாட்டில் ஆளையும் பார்க்கலாம்.

ஏறாவூர்: எங்கட பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர்ர மாப்பிள்ளை மௌத்தாகிட்டார். அவங்களுக்கு என்ன சமைச்சுக் குடுக்கலாம்? நாங்க குடுத்தா எடுப்பாங்களா?

எடுப்பார்கள் தங்கச்சி. நீங்கள் கேட்ட விதமே போதும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அயலவர்கள்தான் சாப்பாடு கொடுப்பார்கள். பிறகும் 31 ஆம் நாள் வரை பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சேர்க்க மாட்டார்கள், சில வீடுகளில் எட்டாம் நாளோடு முடித்துவிடுவார்கள். எதுவென்று ஒரு சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரக்கறி என்றால் பருப்பு, கொண்டைக்கடலை, பலாக்காய், பொரித்துச் சமைத்த கத்தரிக்காய் நான்கும் நன்றாக உறையும். மாசிக் கருவாடு போட்டுவிடாதீர்கள், அதுவும் மச்சம்தான். இறைச்சி சமைக்காத சட்டியில் சமைத்ததாகச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் மனம் இன்னும் ஆறும்.

இதே கேள்வியை மறுபக்கம் கல்முனையிலிருந்து ஒரு தமிழ்த் தங்கச்சி கேட்டிருந்தார். முஸ்லிம் சிநேகிதிக்கு என்றால் ஹலால் கடையில் கோழி வாங்கி, புதுச் சட்டியில் சமைத்து, எங்கே வாங்கியது என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவரைக் கேட்க வைக்காதீர்கள். சங்கடமாக இருந்தால் மீன், மரக்கறியோடு நின்றுவிடலாம்.

அக்கரைப்பற்று: மாரியில கரண்ட் போனா எல்லாம் பழுதாகிடுமே?

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் இருந்தது. நிறைந்திருக்கும் டீப் ஃபிரீசர் கதவு திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஃபிரிட்ஜோடு சேர்ந்த சிறிய ஃபிரீசருக்கு இதைவிடக் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிடம் இருந்தால் போத்தலில் தண்ணீர் நிரப்பி அடுக்குங்கள், கழுத்து வரை நிரப்ப வேண்டாம், தண்ணீர் உறையும்போது பெருக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் குத்தியை வைத்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நேரம் கரண்ட் போய் வந்திருந்தால் குத்தி அடியில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அந்தச் சாப்பாட்டை நோயாளி வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். கறிக்குள் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தால் மட்டும் திரும்ப உறைய வைக்கலாம்.

திருக்கோவில்: சோறும் உறைய வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் சோற்றோடு விளையாடக்கூடாது. அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து வேகும்போதும் சாகாது. சோறு பானையில் சூட்டோடு மணிக்கணக்காகக் கிடந்தால் அது பெருகி நஞ்சை விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வடித்ததும் தட்டில் பரப்பி ஆற்றி ஒரு மணித்தியாலத்துக்குள் உறைய வையுங்கள். மத்தியானம் மிஞ்சிய சோற்றைப் பின்னேரம் உறைய வைக்கவே வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி: கூட வேலை செய்யும் அக்காவுக்குப் புற்றுநோய். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். அவரால் ஒன்றும் சாப்பிட முடிவதில்லை.

மருந்து ஏற்றும் காலத்தில் வாய் புண்ணாகும், தாளிக்கிற மணமே குமட்டும். கொச்சிக்காய்த்தூளும் புளியும் வேண்டாம். பாசிப்பருப்புக் கஞ்சி, கோழி ரசம், மசித்த பூசணிக்காய் என்று மெதுவான சாப்பாட்டைத் தேநீர்க் கோப்பை அளவில் உறைய வையுங்கள். பெரிய பெட்டியைப் பார்த்தாலே அவருக்கு மலைப்பாக இருக்கும். சின்னக் கோப்பையை முடித்தால் சாப்பிட்டேன் என்ற தெம்பு வரும். சமைக்கிற மணம் அந்த வீட்டில் எழாமல் உங்கள் வீட்டிலேயே முடிவது இன்னொரு நன்மை.

இரத்தத்தில் வெள்ளை அணு குறையும் நாட்களில் சாதாரணக் கிருமியும் அவருக்கு ஆபத்து. கறி நடுப்பகுதி வரை குமிழியிட்டுக் கொதிக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதில் மிச்சம் வந்தால் வீட்டில் மற்றவர்கள் உடனே சாப்பிடட்டும், அவருக்குத் திரும்ப வேண்டாம். எதைக் கொடுக்கலாம் என்று வார்ட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். சிறுநீரக நோயாளிக்கும் இதே கதைதான். தக்காளி, கீரை, தேங்காய்ப்பால் போன்றவற்றில் பொட்டாசியம் அதிகம், கிளினிக்கில் கேட்காமல் அவருக்கு எதுவும் சமைக்காதீர்கள்.

பொத்துவில்: கொழும்பில் படிக்கும் கூட்டாளிக்கு இரவு பஸ்ஸில் அனுப்பலாமா?

கல்லுப்போல உறைந்திருந்தால் அனுப்பலாம். றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, மிச்ச இடத்தைக் கசக்கிய பேப்பரால் நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். காலையில் ஐஸ் இருந்தால் ஃபிரீசருக்குள் போகலாம். இளகிவிட்டாலும் தொட்டால் நன்றாகக் குளிர்ந்திருந்தால் அன்றைக்கே கொதிக்க வைத்துச் சாப்பிடட்டும். குளிர் விட்டிருந்தால் வீச வேண்டியதுதான்.

சம்மாந்துறை: உறைய வைக்கக் கூடாதவை?

உருளைக்கிழங்கு மணலாகிவிடும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும். தயிர் திரியும், சம்பல், சலாது, வெள்ளரிக்காய் தண்ணீராகும். கிழங்கும் முட்டையும் வேண்டுமென்றால் சூடாக்கும் அன்று அவித்துப் போடலாம்.

வந்தாறுமூலை: பையில் என்ன எழுத வேண்டும்?

பிளாஸ்டரில் அழியாத பேனையால் கறியின் பெயர், சமைத்த திகதி, எத்தனை பேருக்கு, எப்படிச் சூடாக்குவது என்று எழுதுங்கள். ஈரப் பையில் ஒட்டாது, உறைய வைக்க முதலே ஒட்டிவிடுங்கள். “கால் கோப்பைத் தண்ணீர் விட்டு, மூடி, சிறு நெருப்பில் வைத்துக் கொதிக்க விடவும்” என்று இருந்தால் சமைக்கத் தெரியாத புருஷனோ பெரிய பிள்ளையோ கூடச் செய்துவிடுவார்கள். ஐஸ்கிறீம் பெட்டியில் கொடுப்பதானால் “பெட்டியோடு சூடாக்க வேண்டாம்” என்றும் சேருங்கள். கடைசி வரியில் “பெட்டி திருப்பித் தர வேண்டாம்” என்று மறக்காமல் எழுதிவிடுங்கள்.