பூட்ஸும் மருத்துவக் கோப்பும்: படை அதிகாரி ஆக விரும்புவோருக்கு

தரைப்படையில் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்று உச்சிப்புளியில் வசிக்கிறேன். இந்தக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில், உடல்தகுதி தொடர்பானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, அதிகாரித் தேர்வுக்கு எத்தனை நிமிடத்தில் ஓடவேண்டும்? தினமும் கடற்கரை மணலில் ஓடுகிறேன். (தங்கச்சிமடம், கல்லூரி மாணவர்)

தம்பி, அக்னிவீர் ஆள்சேர்ப்பில் நடப்பதுபோல ஓட்டப் பந்தயம் இதில் இல்லை. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் தேர்வில் உடலைச் சோதிப்பது தனிநபர் தடைகள்: 10 தடைகள், 3 நிமிடம். ஓட்டம் உங்களைப் பிடித்துக்கொள்வது பயிற்சி அகாடமிக்குள் போன பிறகுதான்; பிறகு ஓய்வுபெறும் வயது நெருங்கும்வரை விடாது. நான் பணியில் இருந்தபோது ஆயுதமும் சுமையுமாக 5 கி.மீ. ஓட்டம், ஏற 4 மீட்டர் கயிறு, தாண்ட 9 அடிப் பள்ளம். 30 வயதுக்குள் அந்த 5 கி.மீ.யை 25 நிமிடத்தில் முடித்தால் மிகச் சிறப்பு என்று பதிவு செய்தார்கள். மணலில் ஓடுவது கெண்டைக்காலுக்கு நல்லது. ஆனால் நேரத்தைக் கெட்டித் தரையில் அளந்து பாருங்கள். வெறுங்காலோடு பழகிவிட்டுத் திடீரென்று பூட்ஸில் ஏறினால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து நிற்கும்.

அப்பா சங்கு குளிப்பவர். நானும் சிறுவயதில் கூடப்போய் முக்குளித்திருக்கிறேன். ஒரு காது மந்தம். (கீழக்கரை)

பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் காது மருத்துவரிடம் போங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் மருத்துவ வாரியம் நிராகரித்துவிடும், நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சரி. இந்தக் கரையில் முக்குளித்து வளர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். வாரியம் தகுதியில்லை என்றாலும் 42 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தின் முன் நிற்கலாம். சரிசெய்யக்கூடிய குறைகளை அதற்குள் சரிசெய்துகொண்டு தேறியவர்கள் உண்டு.

மருமகன் மேஜர். முழங்கால் தசைநார் கிழிந்து மருத்துவத் தரத்தைக் குறைத்துவிட்டார்கள். வேலை போய்விடுமா? (தொண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

வேலை போகாது, அம்மா. ஆனால் விஷயம் சிறியதும் அல்ல.

அதிகாரியின் உடல்நிலையை 'ஷேப்' என்ற ஐந்து தலைப்புகளில் எழுதுவார்கள்: மனநலம், செவி, கை கால், பொது உடல்நிலை, பார்வை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண். எல்லாம் 1 என்றால் எங்கும் அனுப்பலாம்; 5 என்றால் பணிக்கே லாயக்கில்லை. உங்கள் மருமகனுக்கு கை கால் தலைப்பில் எண் ஏறியிருக்கும். தற்காலிகமாக இருந்தால் மறு ஆய்வில் இறங்கவும் கூடும்.

பதவி உயர்வைப் பொறுத்தவரை, லெப்டினன்ட் கர்னல் வரை 13 ஆண்டுப் பணியும் துறைத் தேர்வுகளும் கொண்டுபோய்விடும். கர்னல் பதவிக்குத் தேர்வு வாரியம். இடம் கொஞ்சம், ஆள் நிறைய. அங்கேதான் மருத்துவத் தரம் எடை போடப்படும். படையணித் தலைமை, உயரமான பனிமலை முகாம் எல்லாம் அதைப் பார்த்துத்தான். போரில் பட்ட காயத்துக்குச் சலுகை உண்டு. 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரியாலேயே (கூர்க்கா வீரர்களின் வளைந்த கத்தி) அறுத்தெடுத்த அதிகாரி இயன் கார்டோசோ, செயற்கைக் காலோடு உடல்தகுதியை நிரூபித்துக் காலாட்படைப் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார்.

எல்லாரும் கார்டோசோ ஆக முடியாது. நான் பார்த்தவரை பதவி உயர்வை அதிகம் விழுங்குவது காயம் அல்ல. நாற்பதை ஒட்டி வரும் ரத்த அழுத்தமும் தொந்தியும்தான். மருமகனை வலியை மறைக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கும் இதே அளவுகோலா? (மண்டபம்)

ஓட்ட நேரங்கள் வேறு. மருத்துவத் தரம் பொது. 2020-இல் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமை கொடுத்தது. உடனே 40, 45 வயதைத் தாண்டியவர்களிடம் அன்றைய தேதியில் 'ஷேப்-1' (ஐந்து தலைப்பிலும் 1) கேட்கப்பட்டது. அதே தரத்தை ஆண்கள் பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே காட்டி நிரந்தரப் பணிக்குள் வந்துவிட்டிருந்தார்கள். 2021 மார்ச் தீர்ப்பு இதைப் பாகுபாடு என்றது. பணியின் 5 அல்லது 10-ஆம் ஆண்டில் அந்தப் பெண் அதிகாரிகள் இருந்த உடல்நிலையைப் பார்க்கச் சொன்னது. சரியான தீர்ப்பு என்பது என் கருத்து.

வயது 19. கண்ணாடியைக் கழற்ற லேசர் சிகிச்சை செய்துகொள்ளட்டுமா? (சாயல்குடி)

இப்போது வேண்டாம். 20 வயது முடிந்த பிறகுதான் செய்திருக்க வேண்டும், செய்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் எடுத்த கண் அளவுகளின் அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள்.