ஒரே புத்தகம் போதுமா?

அன்புள்ள ஐயா,

வார இறுதிகளில் சில குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடத்தைக் கடகடவென ஒப்பித்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்றேன். முதல் வரியிலிருந்து மறுபடி முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அதைச் சொன்னாள். எல்லோருக்கும் ஒரே புத்தகமும் ஒரு கைக்கணினியும் கொடுத்துவிட்டால் கல்வியில் ஏற்றத்தாழ்வு நீங்கிவிடும் என்று நம்பிவந்தேன். அது தவறா?

ம.

அன்புள்ள ம.,

பாதி சரி. புத்தகமே இல்லாத பிள்ளைக்குப் புத்தகம் தருவது நியாயம்தான். அது யாருக்குப் பயன்பட்டது என்பது அடுத்த கேள்வி. 1990களின் பிற்பகுதியில் கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளில் இலவசப் பாடநூல்கள் வழங்கி, விளைவை ஆராய்ந்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது மூன்றாவது மொழி. பெரு நாட்டில் மடிக்கணினிகள் வழங்கப்பட்ட தொடக்கப்பள்ளிகளை ஆராய்ந்தபோதும் மொழியிலும் கணக்கிலும் முன்னேற்றம் தென்படவில்லை.

உங்கள் மாணவி தனியொருத்தி அல்லள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பத்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் பொருள் கொள்ள இயலாது என உலக வங்கியும் யுனெஸ்கோ உள்ளிட்ட அமைப்புகளும் 2022இல் மதிப்பிட்டன. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கு வந்துகொண்டிருப்பவர்கள். பாடத்திட்டம் நாட்காட்டியைப் பார்த்து ஓடுகிறது. ஆசிரியர் ‘போர்ஷனை’ முடித்தாக வேண்டும். முதல் வகுப்பில் எழுத்தைத் தவறவிட்ட குழந்தை, அதன் பிறகு நடக்கும் ஒவ்வொரு பாடத்தையும் சேர்த்தே தவறவிடுகிறது. வீட்டில் படித்தவர்களோ, தனிப்பயிற்சிக்குப் பணமோ இருந்தால் அந்த ஓட்டை அடைபடும். இல்லாத வீட்டில் அது ஆண்டுதோறும் பெரிதாகும்.

இதற்குக் கைகண்ட வழி ஒன்று உண்டு. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு உருவாக்கிய முறையில், நாளில் ஓரிரு மணி நேரம் வகுப்பு எண்ணை மறந்துவிட்டு, எழுத்து அறிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர் எனப் பிள்ளைகளைப் பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் பங்கேற்ற ஆய்வுகள் இதைப் பல மாநிலங்களில் சோதித்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்த இடங்களில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அதற்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அது நடக்கிறதா என்று மேற்பார்வையாளர்கள் நேரில் வந்து பார்த்த ஹரியானாவில் வாசிப்பு முன்னேறியது. பயிற்சி முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது எளிது. கால அட்டவணையில் ஒரு மணி நேரம் பெறுவதுதான் பெரும்பாடு!

அனுபவம் மிக்க ஆசிரியரைப் பொதுத்தேர்வு வகுப்புக்கும், புதியவரை முதல் வகுப்புக்கும் அனுப்பும் வழக்கத்தைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. தேர்வு முடிவு குறையும் என்று அஞ்சும் நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது என்பதும் தெரியும்.

அடுத்த வாரம் அந்தப் பாடத்தின் சொற்களையே வரிசை மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று தெரிந்துவிடும், அங்கிருந்து தொடங்கலாம். ஐந்தாம் வகுப்புப் புத்தகம் சில மாதங்கள் பையிலேயே இருக்கட்டும்.