கன்டெய்னர் வீட்டில் நாலு பேர் குடியிருக்க முடியுமா?

கேள்வி: தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கூடுவாஞ்சேரி பக்கம் 800 சதுர அடி மனை வாங்கிப் போட்டிருக்கிறோம். கடன் வாங்காமல், கையில் இருக்கும் பணத்தில் நாற்பதடி கன்டெய்னர் ஒன்றை வீடாக மாற்றி வைத்துவிடலாம் என்கிறார் கணவர். எட்டாவது படிக்கும் மகள் இருக்கிறாள். மாமியார் வருஷத்தில் பாதி நாள் எங்களோடு இருப்பார். இடம் குறைந்தால் வேலையும் குறையும் என்று எனக்கும் ஆசைதான். ஆனாலும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, கடன் இல்லாத சொந்தக் கூரை வேண்டும் என்று உங்கள் கணவர் நினைப்பதில் தப்பே இல்லை. 320 சதுர அடியில் நாலு பேர் வாழ முடியாது என்றும் சொல்லமாட்டேன். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அரசு உதவியோடு கட்டும் வீடே 360 சதுர அடிதான். எனக்குத் தயக்கமெல்லாம் அந்த இரும்புப் பெட்டி மேல்தான்.

வெளியே எட்டடி அகலம் என்றாலும் கன்டெய்னருக்கு உள்ளே ஏழே முக்கால் அடிதான். வெயிலுக்காக இரண்டு பக்கமும் இன்சுலேஷன் வைத்துப் பலகை அடித்தால் ஏழடி மிஞ்சும். ஐந்தடிக் கட்டிலைப் போட்டபின் நடக்க இரண்டடி. ராத்திரி பாத்ரூம் போக எழும் மாமியார், அந்த இரண்டடி வழியாக உங்கள் தலைமாட்டைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கும். சாதாரணக் கன்டெய்னரின் உள் உயரம் எட்டடிகூட இல்லை. கூரைக்கும் இன்சுலேஷன் அடித்துச் சீலிங் ஃபேன் மாட்டினால், துணி உதறக் கையைத் தூக்கும்போதே பயமாக இருக்கும். ஏசி போடலாம்தான். மே மாதம் கரண்ட் போனால்?

செலவு பாதியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். போர்வெல், மோட்டார், செப்டிக் டேங்க், மின் இணைப்பு எல்லாம் 320 சதுர அடிக்கும் ஒன்றுதான், 700 சதுர அடிக்கும் ஏறக்குறைய அதேதான். வீட்டிலேயே காசு அதிகம் பிடிக்கும் இடங்கள் சமையலறையும் பாத்ரூமும். அவற்றைச் சுருக்க முடியாது. நீங்கள் சுருக்குவது கட்டுவதற்கு மலிவான ஹாலையும் படுக்கையறையையும். கூடவே டிரெய்லர், கிரேன் வாடகை வேறு. உங்கள் தெருவில் நாற்பதடி வண்டி திரும்புமா, குறுக்கே மின்கம்பி போகிறதா என்று பார்த்தீர்களா?

வேலை குறையும் என்பது கூட்டித் துடைப்பதற்கு மட்டும்தான் பொருந்தும். தினமும் படுக்கையைச் சுருட்டி வைத்தால்தான் சாப்பிட உட்கார முடியும். ஒரு குக்கரை எடுக்க மூன்று பாத்திரத்தை நகர்த்தணும். மிளகாய் தாளித்த நெடி மகளின் யூனிஃபார்மில் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்துணி கட்டில் மேலேதான் காயும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் மகள்தான். இரண்டு வருஷத்தில் பத்தாவது பொதுத்தேர்வு. பாட்டி சீரியல் பார்க்கும் அதே நீளப் பெட்டியில் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? வளரும் பெண் உடை மாற்றவும், கோபம் வந்தால் கொஞ்ச நேரம் தனியாக இருக்கவும், சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டாமா? அது உங்களுக்கும் கணவருக்கும்கூட வேண்டும்.

அதனால் நான் சொல்வது: ஏறக்குறைய அதே அளவில், 350 சதுர அடியில் செங்கல் வீடு கட்டுங்கள். கதவு வைத்த இரண்டு சிறிய அறைகள், பத்தடி உயரம், பாத்ரூமுக்குப் போகப் பொது வழி. முன்னால் மாமியார் மதியம் காற்றாட உட்கார நிழலாக ஒரு வராந்தா. பிற்காலத்தில் மாடி எடுக்கத் தோதாக அஸ்திவாரத்தையும் தூண்களையும் இப்போதே போட்டுவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அனுமதி பெற்ற பிளான் இருந்தால் மாடிக்கு வங்கிக் கடன் கேட்கவும் வழி இருக்கும். தமிழ்நாட்டில் 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனைகளில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி தரும் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். மனை அங்கீகாரம் பெற்றதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

அப்படியும் கணவர் கன்டெய்னர்தான் என்றால், அட்வான்ஸ் கொடுக்குமுன் ஏதாவது கட்டுமான இடத்தில் இருக்கும் கன்டெய்னர் ஆபீசுக்குக் குடும்பத்தோடு ஒரு மதியம் போங்கள். ஏசியை நிறுத்தச் சொல்லி அரை மணி நேரம் உள்ளே உட்காருங்கள். மாமியாரையும் அவசியம் கூட்டிப் போங்கள்.