நீர்க்கட்டியை எடுத்தால் ரத்த அழுத்தம் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 56. இரண்டு ஆண்டுகளாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்தபோது, இடது சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு ‘சிம்பிள் சிஸ்ட்’ இருப்பது தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்குக் காரணமே இந்தக் கட்டிதான், எடுத்துவிட்டால் மாத்திரை வேண்டாம் என்கிறார் என் மைத்துனர். மாத்திரையை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போகலாமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர், வேறெதுவும் இல்லை. சாதாரண நீர்க்கட்டி என்பது இவ்வளவுதான். ஐம்பதைக் கடந்தவர்களை ஸ்கேன் செய்தால் பலரிடம் இது தென்படும். ரத்த அழுத்தமும் அதே வயதில்தான் ஏறுகிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதாலேயே ஒன்று மற்றதைப் பெற்றது என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் உங்கள் மைத்துனர் வெறுமனே சொல்லவில்லை. பெரிதாக வளர்ந்த கட்டி அருகிலுள்ள ரத்தக் குழாய்களை நெருக்கினால், அந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது. உடல் முழுவதும் அழுத்தம் குறைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ரத்தக் குழாய்கள் சுருங்கும், உடலில் உப்பு தங்கும், அழுத்தம் ஏறும். பெரிய கட்டியை அகற்றியதும் அழுத்தம் இறங்கிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. உங்களுடையது 3 சென்டிமீட்டர். அதற்காகக் கத்தி வைக்க மாட்டார்கள். ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சினாலும் பெரும்பாலும் மறுபடி நிறைந்துவிடும். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரித்துவிடும். எனக்குள்ள கவலை அதுதான்.

ஸ்கேன் அறிக்கையை மறுபடி படியுங்கள். கட்டிக்குள் தடுப்புச் சுவர், சுண்ணாம்புப் படிவு, திடப் பகுதி என்று ஏதேனும் எழுதியிருந்தால், அதை அவசியம் மருத்துவரிடம் காட்டுங்கள், சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். இரண்டு சிறுநீரகங்களிலும் நிறையக் கட்டிகள் இருந்தாலோ, பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்திருந்தாலோ கதையே வேறு. அது பரம்பரையாக வரும் பல்கட்டி நோயாக இருக்கலாம். அந்த நோயில் இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் ஏறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. சிறுநீரகம் நன்றாக இயங்குகிறதா என்று அறிய, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), சிறுநீரில் ஆல்புமின் (புரதம்) பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த அளவுக் கட்டி பொதுவாக வலி தராது. ஆகவே வயிற்று வலிக்கான காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும். அதற்கோ மூட்டு வலிக்கோ மருந்துக் கடையில் கேட்டு டைக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? அவை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமைத் தாண்டக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.